எதிர்ப்பக்க முறுக்கு

ஜீப்புக்கு, சக்கரத்தைச் சுழற்றும் ஆக்சில் ஷாஃப்ட் புதிதாகப் போடும்போதெல்லாம் மெக்கானிக் லூர்துராஜ் அதன் நீளத்துக்கு வெள்ளை பெயிண்டில் ஒரு நேர்கோடு இழுத்துவிடுவார். இரும்பு முறுக்கிக்கொண்டால் கோடு காட்டிக்கொடுத்துவிடும். வனத்துறை ஜீப்பிலிருந்து இன்று அவர் உருவியெடுத்த ஷாஃப்ட்டில் அந்தக் கோடு, பந்தல்காலில் ஏறிய அவரைக்கொடி மாதிரி முழுதாக ஒரு சுற்று சுற்றியிருந்தது. சேற்றுக்குழியில் விழுந்த யானைக்குட்டியைத் தன் வண்டிதான் கயிறு கட்டி இழுத்துக் கரையேற்றியது என்று டிரைவர் சிவணன் ஊரெல்லாம் சொல்லியிருந்தான்.

லூர்துராஜ் ஷாஃப்ட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்ஜின் இழுத்திருந்தா இந்தப் பக்கமா முறுக்கியிருக்கணும் சிவணா. இது எதிர்ப்பக்கமா முறுக்கியிருக்கே. இன்ஜின் நிக்கிறப்ப சக்கரத்தை வெளியிலேர்ந்து உருட்டினாத்தான் இப்படி ஆகும்."

சிவணன் அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தான்.

"பின்னால கட்டின கயிறு இறுகினதுமே இன்ஜின் நின்னுபோச்சுண்ணே. தாய் யானை காட்டுக்குள்ளேர்ந்து வர்றதைப் பார்த்தேன். கியரைக்கூட எடுக்கத் தோணாம சீட்டுக்கடியில சுருண்டுட்டேன். அப்புறம் வண்டி தானா நகர்ந்துச்சு. முன்னால."

லூர்துராஜ் எழுந்து வண்டியின் பின்பக்கம் போனார். ஷாஃப்ட் வேலை முடிந்ததும் தட்டி நிமிர்த்திவிடலாம் என்று காலையில் அவர் நினைத்திருந்த பள்ளம் பின்கதவில் இருந்தது. காய்ந்த சேறு அதில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து அதற்குள் வைத்துப் பார்த்தார். கைகளைச் சுற்றி நிறைய இடம் மிச்சமிருந்தது.