ஜசிந்தன் வாறான்!

இந்த ஆட்டத்திலும் தோற்றால் ஹெக்டரின் கூடைப்பந்து அணி போட்டியை விட்டே வெளியே. அணியின் நெடியவன் ஜசிந்தனுக்கு முழங்கால் சவ்வு அறுந்ததிலிருந்து வெற்றி என்ற பேச்சே இல்லை.

பயிற்சியாளர் ஹெக்டர் ஒரு தந்திரம் செய்தார். “ஜசிந்தனுக்குச் சுகமாகிட்டு, வாறான்” என்று செங்கலடிச் சந்தி முழுக்கக் கதை பரப்பினார். ஆட்டத்தன்று நீளக் காற்சட்டைக்குள் முழங்கால் கட்டு தெரியாமல் மறைத்து, அவனை மாற்று ஆட்டக்காரர் அமரும் வாங்கில் இருத்தினார்.

“சேர், என்னால எழும்பவே ஏலாதே!”

“நீ எழும்ப வேணாம் மனே. சும்மா முறைச்சிட்டு இரு. அவனுகள் பயந்து சாகட்டும்.”

எதிர் வாங்கில் ஏறாவூர் அணியின் மலை போன்ற றிஸ்லானும் களத்தில் இறங்காமல் முறைத்துக்கொண்டிருந்தான். ஹெக்டர் பக்கத்திலிருந்த பிறின்ஸிடம் திரும்பினார்.

“பிறின்ஸ், நீயும் இறங்காம, களைக்காம இரு. அவன் இறங்கினா மறிக்க உன்னை விட்டா ஆளில்ல.”

றிஸ்லான் கடைசிவரை இறங்கவில்லை. அதனால், இருந்த ஒரே நல்ல ஆட்டக்காரன் பிறின்ஸும் இறங்கவில்லை. ஒரு புள்ளியில் தோற்றார்கள்.

கைகொடுக்கப் போன ஹெக்டர், ஏறாவூர்ப் பயிற்சியாளர் அசனார் காக்காவிடம் ஆற்றாமையோடு கேட்டார். “றிஸ்லானை ஏன் காக்கா இறக்கல்ல?”

“எப்படி இறக்குற? அவனுக்குக் கணுக்கால் முறிஞ்செல்லோ கிடக்கு! உங்கட ஜசிந்தன் வாறான் எண்டு கேள்விப்பட்டுப் பயந்துதான், சும்மா உடுப்பைப் போட்டு இருத்தி வெச்சன்.”