தேனிலவு அறை

"ஏரியைப் பார்த்த அறை ஒண்ணுகூட இல்லையா?" என்றாள் அவள்.

"கடைசி அறையை ஒரு தேனிலவு ஜோடி எடுத்துட்டாங்க மேடம். கூடாரம்தான் இருக்கு," என்றார் மலைப்பூங்கா விடுதியின் மேலாளர்.

மழையில் கூடாரம் இரண்டு முறை சரிந்தது. முளை அடித்து அடித்துக் கணவன் ஓய்ந்துபோனான். போதாக்குறைக்கு அந்த அறையிலிருந்து பாட்டும் கும்மாளமும்.

"விடு, சின்னஞ்சிறுசுங்க," என்றான்.

"நாம இங்க நனைஞ்சு சாகறோம், அவங்களுக்குக் கச்சேரி கேக்குதா? நறுக்குன்னு நாலு வார்த்தை கேட்டுட்டு வரேன்."

ஆத்திரத்தோடு போய்க் கதவைத் தட்டினாள். திறந்தவர் அவளுடைய அப்பா.

"யாருங்க அது?" உள்ளேயிருந்து கேட்டது அம்மாவின் குரல்.

விவாகரத்தான பிறகு ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காதவர்கள். இத்தனை வருடமும் இருவருக்கும் நடுவே தூது போனவள் அவள்தான்.

அப்பா அசடு வழிய உள்ளே திரும்பினார். "நம்ம பொண்ணுடி. மாட்டிக்கிட்டோம்!"