முதல் நடிகனின் மாலை

மேடைக்குப் பின்புறம், வியர்வையில் நனைந்த தூதுவன் வேட முகமூடியைக் கழற்றிப் பிடித்தபடி லாம்போன் நிற்கிறான். விதியிலிருந்து தப்பி ஓடி அதன் மடியிலேயே விழுந்த அரசனின் சாவை அவன் சொல்லி முடித்து வெகுநேரமாகியும் ஏதென்ஸ் மக்கள் விம்முகிறார்கள். அரசனாக நடித்த தங்கை கணவன் ஹெகியாஸை எல்லோரும் மறந்துவிட வேண்டும் என்ற வயிற்றெரிச்சலில்தான் அப்படி உருகிப் பேசினான். நடிப்புக்கான பரிசு முதன்மை வேடம் போடும் முதல் நடிகனுக்கு மட்டுமே என்பது அப்போது அவன் நினைவில் இல்லை. கட்டியக்காரன் ஹெகியாஸின் பெயரைக் கூவுகிறான். வெயிலில் பளபளக்கும் ஐவிக்கொடி இலை மாலையோடு ஹெகியாஸ் ஓடிவந்து கட்டிக்கொள்கிறான். “தொண்டை கட்டி நான் தோத்தே போயிருப்பேன் மச்சான். நீ சனங்கள அழ வச்ச, மாலை எனக்கு விழுந்துச்சு. வீட்டுக்கு வா, உன் தங்கச்சி விலாங்கு சுட்டு வச்சிருக்கா.” லாம்போன் சிரிக்கப் பார்க்கிறான். முடியவில்லை. முகமூடியை மறுபடி மாட்டிக்கொள்கிறான்.