கூரைக்கு ரெண்டு பக்கம்

"கையை எடும்மா! நேத்து மாட்டுன வயரைக் கழட்ட உனக்கு யாரு சொன்னது?"

ஏணியின் உச்சியில் நின்று சூப்பர்வைசர் கத்தினார். அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. ஆஸ்பத்திரியின் ஓட்டுக் கூரையில், கிழக்குச் சரிவில் எட்டு சோலார் பேனல், மேற்குச் சரிவில் எட்டு. பதினாறையும் ஒரே வரிசையாகக் கோத்திருந்த வயரை முகட்டில் உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருந்தாள்.

காலையில் அவள் வந்து, "ஆபீஸ்லேருந்து வர்றேன்" என்றதும், வராமல் போன வயரிங்காரனுக்குப் பதில் ஆள் என்று ஹெல்மெட்டையும் ஸ்க்ரூடிரைவரையும் அவள் கையில் திணித்தவர் அவர்தான். அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போது தலையில் அடித்துக்கொண்டார். அவள் வேலையை நிறுத்தாமலே விளக்கினாள்.

"காலைல இந்தப் பக்கம் வெயில், சாயங்காலம் அந்தப் பக்கம். ஒண்ணாக் கோத்தா, வெயில் படாத பக்கம் மத்ததையும் சேர்த்து இழுத்துப் பிடிக்கும். பதினாறு பேரை ஒரே கயித்துல கட்டி நடக்க விட்டா, மெதுவா நடக்கிறவன் வேகம்தானே எல்லாருக்கும்? இன்வெர்ட்டர்ல ரெண்டு இணைப்பு இருக்கு. ஒண்ணு சும்மா கிடக்கு. பக்கத்துக்கு ஒண்ணாக் குடுக்கப்போறேன்."

"ஆபீஸ் குடுத்த வயரிங் படத்துல ஒரே வரிசைன்னு இருக்கே!"

"படம் தப்பு."

கீழே ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸ் அண்ணாந்து பார்த்தாள். "அண்ணே, சண்டையை அப்புறம் போடுங்க. நாளைக்குக் குழந்தைங்களுக்குத் தடுப்பூசி வருது. ஃப்ரிட்ஜ் இந்தக் கரண்டை நம்பித்தான் இருக்கு. போன தடவை அத்தனையும் கெட்டுப்போய் என் கையாலதான் கொட்டினேன்."

"கேட்டீங்கல்ல? என்ன ஆனாலும் இறங்க மாட்டேன்."

"தலைமை ஆபீஸ் இன்ஜினியர் போட்ட படம்மா! அவங்களைவிட நீ பெரிய கொம்பா?"

"எந்தக் கொம்பா இருந்தா என்ன? இங்க வந்து பார்க்காம, ஏசி ரூம்ல உட்கார்ந்து, வானத்துலேருந்து எடுத்த போட்டோவை வெச்சு வரைஞ்சாச்சு. அதுல இது மொட்டை மாடி மாதிரிதான் தெரியும். ஒரு தடவை ஏணி ஏறியிருந்தா ரெண்டு சரிவு இருக்கிறது தெரிஞ்சிருக்கும். சோம்பேறித்தனம்! கொழுப்பு!"

அவள் கோபத்தைப் பார்த்து அவரே ஒரு படி கீழே இறங்கிவிட்டார். அதற்காக விட்டுவிடுவாரா?

"இதுவரைக்கும் அவங்ககூட மெயில்லதான் பேச்சு. இப்போ போனே போடுறேன். இதை அப்படியே அவங்ககிட்ட சொல்லு. நாளைலேருந்து உனக்கு வேலை இல்ல, பாத்துக்க!"

"போடுங்க. அதுக்குள்ள இதை முடிச்சிடுறேன்."

படத்தின் மூலையில் அச்சாகியிருந்த எண்ணைப் பார்த்து ஒவ்வொன்றாக அழுத்தினார்.

மணி அவள் சட்டைப் பையில் அடித்தது.

"நான்தான் சார்" என்றாள், வயரிலிருந்து கையை எடுக்காமலே. "யாருக்கும் தெரியாம மாத்திட்டுப் போயிடலாம்னுதான் லீவு போட்டுட்டு வந்தேன். இப்பவாவது அந்த முனையைப் பிடிங்க."