செண்பகம் சாப்பிடும் நேரம்

மாடியில் சோலார் மாட்டிய மறுநாளே வாசலில் இருந்த கரண்டு மீட்டர் புலம்ப ஆரம்பித்துவிட்டது. "போட்ட காசை எடுக்கவே ஆறு வருஷம் ஆகும். இதெல்லாம் தேவையா?"

கூடத்து மின்விசிறிக்கு அந்தக் கணக்கு தெரியாது. அதற்குத் தெரிந்தது வீட்டுக்காரி செண்பகத்தைத்தான். எல்லோரும் வேலைக்குக் கிளம்பியதும், "எனக்கு ஒருத்திக்கு எதுக்கு?" என்று விசிறியை அணைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துத் துடைத்தே மதியச் சோறு சாப்பிடுகிறவள். அதைப் பார்த்துக்கொண்டு பன்னிரண்டு வருஷம் சும்மா தொங்கியிருக்கிறது விசிறி.

இன்றும் அவள் கை சுவிட்சுக்குப் போனது. விசிறிக்குத் திக்கென்றது.

"வெயில் கொடுக்கிற கரண்டுதானே" என்று கையை எடுத்துக்கொண்டாள் செண்பகம். தட்டோடு விசிறிக்கு நேர் கீழே வந்து உட்கார்ந்தாள்.

"கேட்டேனே, தேவையா?" என்றது மீட்டர்.

"சத்தம் போடாதே. அவங்க சாப்பிட்டுக்கிட்டிருக்காங்க" என்றது விசிறி.