இரண்டாவது விமானம்

ரேடாரில் சிக்காமல் மலையிடுக்கில் தாழப் பறக்கும் பயிற்சியில் ஜெபஸ்டினின் போர் விமானம் எப்போதும் இரண்டாவதாகப் போகும். நீலத் தகரக் கூரை ஒன்று தெரிந்ததும் இடப்பக்கம் திரும்ப வேண்டும். அந்த வீட்டு வாசலில் ஒரு பெண் நிற்பாள். முன்னால் போன விமானத்தின் இரைச்சலில் மிரண்ட பசுவின் காதுகளை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டிருப்பாள். தன் காதுகளை அவள் பொத்தியதே இல்லை. கண்ணை மூடித் திறப்பதற்குள் வீடு பின்னால் போய்விடும்.

அன்று அவள் தோளில் ஒரு கைக்குழந்தை இருந்தது. ஒரு கை அதைத் தாங்கியிருக்க, மறு கை குழந்தைக்கும் பசுவுக்கும் நடுவில் அந்தரத்தில் நின்றது.

ஜெபஸ்டின் விமானத்தைச் சட்டென்று மேலே தூக்கினான். மலைமுகடு கீழே போனது. எதிரணியின் ரேடாரில் உடனே சிக்கினான்.

இறங்கியதும் கமாண்டர் அவனை ஹெல்மெட்டைக்கூடக் கழற்ற விடவில்லை.

“முகட்டுக்கு மேல வந்தா சுட்டுடுவான்னு உனக்குத் தெரியாதா? நிஜப் போரா இருந்தா இந்நேரம் செத்திருப்ப. எதுக்குய்யா ஏறின?”

ஜெபஸ்டின் கையுறைகளை ஒவ்வொன்றாக உருவினான்.

“கீழ ஒருத்தி நின்னுட்டிருந்தா சார். அவளுக்கு ரெண்டு கைதான் இருக்கு.”