இந்தத் தெருவுக்கு மட்டும்

“எல்லாத் தெருவுக்கும் பிளாஸ்டிக் பைப். எங்க தெருவுக்கு மட்டும் ஏம்மா கான்கிரீட்?”

ரவிச்சந்திரன் கேட்டதில் நியாயம் இருந்தது. படூரில் அவர்கள் நகர் முழுக்க மழைநீர் வடிகால் வேலை. பக்கத்துத் தெருவில் நாலே நாளில் குழாயைப் புதைத்து மூடி, ரோடும் போட்டுவிட்டார்கள். இங்கே ஒவ்வொரு குழாயையும் கிரேன் வைத்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். பத்து நாளாகத் தெரு பிளந்து கிடந்தது.

அவர் மனைவி பார்வதம் பக்கவாதத்தில் விழுந்து இரண்டு வருடம். வாசலில் சரிவாகக் கட்டிய ரேம்ப் வழியாகச் சக்கர நாற்காலியை இறக்கித்தான் பிசியோதெரபிக்கு அழைத்துப் போவார். பள்ளம் தோண்டியதிலிருந்து அதுவும் நின்றுபோனது. இப்போதுதான் மடங்க ஆரம்பித்திருந்த விரல்கள் மறுபடி விறைக்கின்றன. மனுஷனுக்கு ஆத்திரம் வராமல் என்ன செய்யும்?

இன்ஜினியர் ஷபானா பொறுமையாகத்தான் சொன்னார்.

“கான்கிரீட் நல்லா கனம் தாங்கும் சார். தண்ணி லாரி மேல ஏறினாலும் நசுங்காது. இங்க மழைக்காலத்துல நிலத்தடித் தண்ணி மேல வரும், லேசான பைப்புன்னா மிதந்து கிளம்பிடும். இது தன் கனத்துலயே கிடக்கும்.”

“பக்கத்துத் தெருவுல லாரி போகலையா? அங்க மழை பெய்யாதா?”

ஷபானா ஒரு தரம் அவர் வாசலைப் பார்த்தார். பிறகு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

பதில் இல்லையென்றால் என்ன அர்த்தம்? கமிஷன்தான். முப்பது வருஷ அரசாங்க உத்தியோகத்தில் ஒரு பென்சிலைக்கூட வீட்டுக்குக் கொண்டு வராதவர் ரவிச்சந்திரன். விடுவாரா? திங்கட்கிழமை செங்கல்பட்டு கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்துவிட்டுத்தான் காலை டிபனே சாப்பிட்டார்.

வியாழக்கிழமை விசாரணைக்கு அதிகாரி வெங்கடேசன் அளவு டேப்போடு வந்தார். ரவிச்சந்திரன் கேட்டுக்கு உள்ளே நின்று காதைத் தீட்டிக்கொண்டார்.

“பிளானை ஏன் மாத்தினீங்க?”

ஷபானா பிளான் காகிதத்தைச் சுருட்டினார். மேஸ்திரி துரைக்குப் பொறுக்கவில்லை.

“நான் சொல்றேன் சார். பிளாஸ்டிக்னா ரெண்டு பக்கமும் மண்ணு போட்டு இறுக்கணும், பள்ளம் அகலமா வெட்டணும். சிமெண்ட் பைப்பு தானா வெறப்பா நிக்கும், ஒடுக்கமா வெட்னா போதும். தோ, இந்த வூட்டு ரேம்ப்பு ரோட்டுல மூணடி வந்துகீது. அகலமா வெட்டியிருந்தா மொதல்ல அத்தத்தான் இடிச்சிருக்கணும்.”

ரவிச்சந்திரன் கேட் கம்பிகளின் வழியே ரேம்ப்பைப் பார்த்தார். அந்த மூன்றடி யாருடைய இடம் என்று இத்தனை நாளில் அவர் ஒருமுறைகூட யோசித்ததில்லை.

வெங்கடேசன் பேனாவைத் திறந்தார். “ஆக்கிரமிப்பை எடுக்காம டிசைனை மாத்தினீங்களா?”

“ஆமா சார். என் மேல என்ன வேணா எழுதிக்குங்க, ரேம்ப்பை மட்டும் எழுதாதீங்க. அதுலதான் ஒரு அம்மாவை வீல்சேர்ல இறக்குறாங்க. அது போச்சுன்னா அவங்க வீட்டை விட்டு வெளியவே வர முடியாது.”

அதிகாரி பேனாவை மூடிப் பையில் செருகினார்.

“உங்க மேல மனு கொடுத்தது யாருன்னு தெரியுமாம்மா?”

“தெரியும் சார். அந்த அம்மாவோட வீட்டுக்காரர்.”